கறுப்பு ஹெட்லைட்டும் என் வீட்டுக்காரரும்

எங்கள் வண்டி ஒரு பழைய எஸ்யூவி. திருமங்கலத்தில் இருக்கும் என் அண்ணன் ஓட்டி ஓட்டிச் சலித்துப்போய் என் தலையில் கட்டியது. நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். என் வீட்டுக்காரருக்கு அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் மதுரையிலிருந்து ஒன்றாகக் கிளம்பி, சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். ஓட்டுவது நான். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஓட்ட மட்டும் வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார்.

வண்டியின் ஹெட்லைட் டூம் இரண்டும், அதாவது பல்பை மூடியிருக்கும் முன்பக்கக் கூடு, வெயிலில் வெந்து பப்பாளித் தோல் மாதிரி மஞ்சளாகிவிட்டன. லைட்டைப் போட்டால் வெளிச்சம் வண்டியை விட்டு இறங்கவே யோசிக்கும். ஒரு மழைநாளில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கிளம்பத் தாமதமாகி, செக்கானூரணி வரும்போது இருட்டிவிட்டது. ரோட்டின் குறுக்கே கறுப்பாக ஒரு மேடு தெரிந்தது. ஸ்பீட் பிரேக்கர் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். கிட்டே போனதும் அந்த மேடு எழுந்து நின்று, வாலை ஆட்டிவிட்டு, எதிர்ப்புறம் நடந்து போய்விட்டது.

எருமை முழுவதுமாகக் கடந்து போகும்வரை என் வீட்டுக்காரர் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். பிறகு, "இனி இந்த லைட்ட நம்பி வர முடியாது" என்றார்.

முதலில் அவர் கைவைத்தியம் பார்த்தார். பற்பசையைத் தடவித் தேய்த்தால் மஞ்சள் போய்விடும் என்று யாரோ போனில் வீடியோ அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கத் தேய்த்தார். நன்றாகத்தான் பளபளத்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று மோந்து பார்த்தார்கள். அந்த மாதமே மஞ்சள் திரும்பி வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் திடமாக. அதற்குப் பிறகுதான் புது டூம் வாங்குவதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல், மதுரைக்குள் வண்டி உதிரி பாகம் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குப் போனோம். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான்தான் வண்டியை ஓட்டி வந்து அவர் கடைக்கு நேரே நிறுத்தினேன். அவர் அதைப் பார்க்கவில்லையோ, பார்த்தும் மனசு ஒப்பவில்லையோ தெரியாது. வண்டியின் வருஷம், மாடல் எல்லாம் நான் சொல்ல, பதிலையெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்தே சொன்னார். "அண்ணே, கம்பெனி சரக்கு இப்ப வர்றதில்ல. வெளி மேக்குதான். ரெண்டு ரகம் இருக்கு" என்று இரண்டு அட்டைப்பெட்டிகளை இறக்கினார்.

ஒன்று பழையதைப் போலவே சாதாரண வெள்ளைக் கூடு. இன்னொன்று உள்ளே கறுப்படித்து, உருண்டையாக லென்ஸ் வைத்தது. அதைச் சுற்றி வளையம் வேறு. கடைக்காரர் ஒரு பேட்டரியில் வயரைத் தொட்டுக் காட்டினார். வளையம் நீலமாக எரிந்தது. என் வீட்டுக்காரரின் முகத்திலும் எரிந்தது. எங்கள் கல்யாணத்தில் என்னைப் பார்த்தபோதுகூட அந்த முகம் அம்புட்டு மலரவில்லை.

எனக்குப் பள்ளிக்கூட வாசல் ஞாபகத்துக்கு வந்தது. சுற்றிலும் நீலமாக எரிகிற இரண்டு கண்ணோடு நான் உள்ளே நுழைந்தால் பத்தாம் வகுப்பு என்னவெல்லாம் பேர் வைக்கும் என்று யோசித்தேன். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் யார் காதில் விழப்போகிறது? அதனால் வேறு வழி பிடித்தேன். அவர் பக்கமாகச் சாய்ந்து, கேட்க வேண்டியதை முணுமுணுத்தேன். அவர் அதை உரக்கக் கேட்டார்.

மழை பெய்தால் உள்ளே வேர்க்குமா என்று கேட்கச் சொன்னேன். கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, பின்பக்க மூடியின் ரப்பரைக் காட்டி விளக்கம் சொன்னார். பழைய பல்பே இதில் உட்காருமா என்று கேட்கச் சொன்னேன். அதையும் கேட்டார். இப்போது கடைக்காரர் அவருக்கு மட்டும் டீ வரவழைத்தார். என் வீட்டுக்காரர் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொண்டார். கறுப்பு டூமைக் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்ந்தார். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஒற்றைக் கண் பார்வைதான் என்னைக் கெடுத்தது. கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. "இது வலது கைப் பழக்கமா இடது கைப் பழக்கமான்னு கேளுங்க" என்று காதில் சொன்னேன். கடைக்காரர் முழிப்பார், இவரும் சேர்ந்து முழிப்பார், அதைப் பார்க்கலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏண்ணே, இது வலது கைப் பழக்கமா, இடதா?" என்றார்.

கடைக்காரர் முழிக்கவில்லை. நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திருப்பி அதன் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு மெதுவாகப் பெட்டியை மூடினார்.

"அண்ணே, இம்புட்டு நாள்ல ஒருத்தரும் இதக் கேட்டதில்ல. நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறோம், வெளிச்சம் இடது ஓரத்துல ஏறி விழணும். இது வலது பக்கம் ஓட்டுற நாட்டுக்குன்னு போட்டது. மாட்டினா எதிர்ல வாரவன் கண்ணுலதான் அடிக்கும். ஒங்களுக்கு இது வேணாண்ணே."

நான் அறிவியல் டீச்சர். அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. என் வீட்டுக்காரர் மூடிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டதை அவர் வாயாலேயே விரட்டிவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அதான் கேட்டேன்" என்றார்.

நீங்கள் மெக்கானிக்கா, இல்லை ஒர்க்ஷாப் எதுவும் வைத்திருக்கிறீர்களா என்று கடைக்காரர் விசாரித்தார். அலுவலகத்தில் வேலை என்று சொன்னதும், போக்குவரத்து சம்பந்தமான அலுவலகம் என்று அவராக நினைத்துக்கொண்டார் போல. அதற்குப் பிறகு மரியாதை இன்னும் கூடியது. வெள்ளை டூம் இரண்டையும் தானே கிட்ட நின்று கடைப் பையனை மாட்ட வைத்தார்.

மாட்டி முடித்தபோது விளக்கு வைக்கிற நேரம். வெளிச்சம் சரியான உயரத்தில் விழுகிறதா என்று பார்க்க, சந்துக்குள் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்த வேண்டுமாம். கடைக்காரர் சாவியை எடுத்து மிகுந்த மரியாதையோடு என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "அண்ணே, ரிவர்ஸ்ல சந்துக்குள்ள விட்டுத் திருப்பிருங்க. கொஞ்சம் குறுகலு. ஒங்களுக்குச் சொல்லணுமா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கடையில் தொங்கிய டயரைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன். இப்போது என்ன செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சாவியை வாங்கினார், ஒருமுறை சுற்றினார், என்னிடம் கொடுத்தார்.

"நீ எடு. நான் செவத்துப் பக்கம் நின்னு வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணும்ல."

பதினெட்டு வருஷக் குடும்பத்தில் அவர் மேல் எனக்கு அப்படியொரு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். ஏறி உட்கார்ந்து, ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் தள்ளுவண்டி என்றிருந்த சந்தில் பின்னாலேயே வண்டியை விட்டு, ஒரே வளைப்பில் சுவருக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் சுவரருகே நின்று, இன்னும் கொஞ்சம் கீழே, இந்தப் பக்கம் போதும் என்று கை காட்டினார். கடைக்காரரும் அதன்படியே திருகாணியைத் திருகினார். எல்லாம் முடிந்ததும் கடைக்காரர் என்னையும் வண்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்:

"மதினிக்கு நல்லாப் பழக்கி விட்டிருக்கீங்கண்ணே."

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். தரையைப் பார்த்து ஆட்டினார் என்பதால் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினோம், புது வெளிச்சத்தைப் பார்க்க. பார்த்தோம். ரோட்டோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து எங்களை நோக்கி ஓடி வந்தன. குழிகள், மைல்கல், ஓரமாகச் சைக்கிளில் போகிறவரின் சட்டைக் கட்டம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. நான் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஊர்க்கதை நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால், கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தெனமும் இம்புட்டு வேகத்துலயா போற?" என்றார். "மரத்துக்கு இம்புட்டுக் கிட்டயா?"

இத்தனை நாளும் இப்படித்தான் என்றேன். அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, பழைய டூமைக் கடையிலேயே விட்டுவிட்டோமா, இல்லை டிக்கியில் இருக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார்.