சண்டைக்கு முன் ரிமோட்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு டி.வி. அலறியது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு அது போதும்... இங்கே சண்டை என்று புரிந்திருக்கும்.

பாலகாட்டில் எங்களுடையது தங்கச் சுரங்கக் காலத்து லைன் வீடு. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் சண்டை என்றால் முதலில் ரிமோட்டைத் தேடி சத்தத்தைக் கூட்டுவோம். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அன்றைய சண்டை என் மகள் பிரியாவோடு. தினமும் ரயிலில் பெங்களூரு போய் வேலை பார்த்துத் திரும்புகிறவள். அவள் அப்பா தவறிய பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து அங்கயே ஹாஸ்டல்ல தங்கிக்கிறேம்மா" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? சமைத்துப் போட்டது, படிக்க வைத்தது, அவளுக்கு டைபாய்டு வந்தபோது கண் விழித்தது என்று எல்லாவற்றையும் இழுத்தேன். அவளும் விடவில்லை.

திடீரென்று ஸ்டெல்லா அக்கா வீட்டு டி.வி.யும் அலறத் தொடங்கியது. எங்கள் டி.வி.யையும் மீறி என் குரல் போயிருக்கிறது — காதில் விழ வேண்டாமென்று அவர் நாகரிகமாகச் சத்தம் வைத்துக்கொள்கிறார். எனக்குக் கூசிப்போனது.

எங்கள் டி.வி.யை அணைத்தேன். இனி மெதுவாகத்தானே பேச முடியும்? மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், வாயில் வந்ததில் பாதி சொல்லவே லாயக்கில்லை. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

"நீ போய்ட்டா நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?"

அத்தனை கத்தலுக்கும் காரணம் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கோபப்பட்டிருக்கிறேன்.

பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? சனிக்கெழம ஆனா வந்துடுவேம்மா. தெனமும் நாலு மணிக்கு எந்திரிச்சு ஓட ஒடம்பு தாங்கல."

"எப்பலேர்ந்து இப்படி நெனச்சிக்கினு இருக்க?"

"நாலு மாசமா. நீ கத்துவேன்னு சொல்லல. ஸ்டெல்லா ஆன்ட்டிகிட்ட மட்டும் சொன்னேன்."

கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்வார்கள். எனக்கு மூன்றுக்கு மேல் பொறுமை இருந்ததில்லை. குரலைக் குறைத்துப் பாருங்கள், அது நிச்சயம் வேலை செய்கிறது. அன்று சாயங்காலமே ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போய் ஹாஸ்டலுக்குப் பக்கெட்டும் போர்வையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அந்த நாலு மாதம் இன்னும் உறுத்துகிறது. கத்துகிற ஆளுக்குச் சொந்த வீட்டுச் செய்திகூடக் கடைசியாகத்தான் வந்து சேரும்.