பசுவுக்குப் போன மாத்திரை

என் முதல் பிள்ளை பூஞ்சையாய்ப் பிறந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. மறுபடி வயிற்றில் ஒன்று தங்கியபோது, இதையாவது முழுசாய்க் கையில் வாங்க வேண்டுமே என்று ராப்பகலாய்க் கவலைப்பட்டேன்.

உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து நர்சம்மா ஒருவர் எங்கள் ஊருக்கு வருவார். பால்வாடியில் கர்ப்பிணிகளை உட்காரவைத்து, முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை சுட்டுக் காட்டுவார். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"ஏம்மா, இப்படி வெளுத்துப் போயிருக்க? எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழிச்சிச் சாப்பிடறியா? முதல்ல நீ சாப்பிடு" என்று சொல்லி, ரத்தம் ஊற மாத்திரையும் கொடுத்தார்.

மாத்திரையை என் மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டார். "கீரை துன்னு, வாணான்னு சொல்லல. இதைத் துன்னா புள்ள கறுப்பா பொறக்கும்."

ஒரு நாள் காலையில் மாட்டுக் கொட்டகைக்குப் போனால், அவர் அந்த மாத்திரைகளைப் பொடித்துத் தவிட்டில் பிசைந்து எங்கள் சினைப்பசுவுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"எனக்கு ஆகாதது மாட்டுக்கு மட்டும் ஆகுமா அத்தே?"

"சும்மா வந்ததை வீசவா சொல்ற? கன்னு கறுப்பா பொறந்தா இன்னா? அதை யாரு பொண்ணு பாக்க வரப்போறாங்க?"

"சரி, கன்னு கறுப்பா வந்தா நான் மாத்திரையைத் தொடல. இல்லன்னா நீங்களே என் கையில எடுத்துக் குடுக்கணும்."

வெடுக்கென்று சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் பசுவே கன்னங்கரேல் என்றிருக்கும். மாமியார் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அந்த வாரமே பசு ஈன்றது. கன்று தலை முதல் வால் வரை செவலை. மாட்டாஸ்பத்திரியில் போட்ட செவலைக் காளைச் சினை ஊசியின் வேலை அது. நான் வாயைத் திறப்பேனா?

மாமியாரே நர்சம்மாவிடம் போய் மறுபடி அதே மாத்திரை வாங்கி வந்தார். அன்றிலிருந்து ஆம்பிளைகளுக்கு முன்னால் எனக்குச் சோறு போட்டு, மாத்திரையை நான் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

மகள் கொழுகொழுவென்று பிறந்தாள். நல்ல கறுப்பு. அவள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. நான் பயந்துகொண்டே மாமியார் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாமே பாக்கற? இது எம்புள்ள நெறம்" என்றார். பிறகு, பிரசவம் பார்த்த நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மாத்திரை இன்னும் கொஞ்சம் குடும்மா. கட்டிக் குடுத்த எம்பொண்ணும் முழுகாம கீறா."