எண்ணெய்த் துணி

காலை ஆறே முக்காலுக்குச் செங்கல்பட்டில் கிளம்பி, திருப்போரூர் வழியாக நாவலூர் பக்கம் போகிற பேருந்தில் ரெஜினாவை நான்கு வருடமாகப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பது பாதி பொய். பாதி நாள் பெண்கள் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் தூங்கிக்கொண்டு வருவாள். எனக்கும் தூக்கம் வரும். ஆனால் என் தலை சாய்கிற பக்கம் ஜன்னல் கம்பிதான் இருக்கும். நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது என் வேலை. அதனால் என் பேச்சில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெஜினாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அதே நாவலூரில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடையின் பின்கட்டில் வேலை. அட்டைப்பெட்டியில் பாதி பாதியாக வந்து இறங்கும் மலை சைக்கிள்களை முழு சைக்கிள் ஆக்கிக் கொடுப்பாள். கேட்க லேசாக இருக்கும். இடது பெடலை எல்லா மரையையும் போல வலது பக்கம் முறுக்கினால் மரையே போய்விடும், எதிர்ப்பக்கம்தான் முறுக்க வேண்டும். ஹேண்டில்பார் திருகை இறுக்க ஒரு அளவு உண்டு. அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்கிற சாவி ஒன்று வைத்திருக்கிறாள். டிக் சத்தம் கேட்காத திருகு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சில பேர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், தாங்களே சேர்த்துப் பூட்டுகிறோம் என்று முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்க்க மாட்டி ஓட்டிக்கொண்டு திரும்பி வருவார்களாம். படித்தவர்கள்தான்.

எல்லாவற்றையும்விட பிரேக் வேலைதான் அவளைத் தின்கிறது. சக்கரத்தின் நடுவில் தட்டு மாதிரி ஒரு இரும்பு வட்டம் இருக்கும். டிஸ்க் என்பார்கள். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சின்னக் கட்டைகள் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வும். புதுக் கட்டை சரியாகக் கவ்வாது. ஒவ்வொரு வண்டியையும் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஓட்டி, இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பழக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு வண்டி. மலை சைக்கிளை அவள் அளவுக்கு ஓட்டியவர்கள் இந்த மாவட்டத்தில் இருப்பார்களா என்பது சந்தேகம். எல்லாம் அந்த நாற்பதடி சந்தில். மலையை அவள் பேருந்து ஜன்னலில் பார்ப்பதோடு சரி, அதுவும் விழித்திருந்தால். சாயங்காலம் அவளுடைய தண்ணீர் பாட்டிலை நான்தான் திறந்து கொடுக்க வேண்டும். விரல் மடங்காது.

அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் ரெஜினா. பத்தொன்பது வயதில் ஒரு செல்போன் தொழிற்சாலையில் சேர்ந்தாள். திருகை அளவாக இறுக்குகிற கை அங்கே வந்ததுதான். பின்னால் அதை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். புருஷன் ஜெரோம் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு பாடுதான். அதனால் இந்த வேலையை அவள் ஈரத் துணியைப் பிழிவது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பதினோரு வண்டி. சாயங்காலம் கடப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மாளும் மகளும் வண்டி எடுக்க வந்திருந்தார்கள். அம்மாளின் பெயர் குப்பம்மா. புருஷன் கடலுக்குப் போகிறவர். மகள் பிரியங்கா இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பண்ணைக்குப் போகிற வழி மணலும் சேறுமாக இருக்கும், சாதா சைக்கிள் புதைந்துபோகும் என்று இந்தத் தடித்த டயர் வண்டியை வாங்கினாள். மகள் உள்ளே பில் போட நிற்க, வெளியே குப்பம்மா வண்டியைத் தடவிக்கொண்டே ரெஜினாவிடம் கேட்டிருக்கிறாள்.

"யம்மா, எங்க வூடு கடலாண்ட கீது. உப்புக் காத்துக்கு எதுவும் நிக்காது. இத்த எப்டிமா காப்பாத்தறது?"

"தெனம் எண்ணெத் துணியால தொடச்சிகினே இருங்கக்கா. துரு அண்டாது" என்றாள் ரெஜினா.

செயினை மட்டும், டிஸ்க் பக்கம் எண்ணெய் போகவே கூடாது என்று அடுத்து சொல்ல வேண்டும். எப்போதும் சொல்வாள். அதற்குள் அடுத்த வண்டிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டாள். பதினோராவது வண்டி அது.

மூன்று வாரம் கழித்து ஒரு மீன் வண்டியில் அந்தச் சைக்கிள் திரும்பி வந்தது. கூட குப்பம்மா மட்டும் வந்தாள். ரோட்டில் இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்காமல், எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி, பிரியங்கா கல்லில் விழுந்திருக்கிறாள். தோள்பட்டை எலும்பு முறிவு. வேன் நின்றதால் பிழைத்தாள்.

கடைப் பொறுப்பாளர் வரதன் சின்னப் பையன், முப்பதுகூட ஆகாது. ஒவ்வொரு வண்டியிலும் பூட்டியவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று தொங்கும். அதைத் திருப்பிப் பார்த்தான்.

"ரெஜினாக்கா, நீங்க பூட்டுன வண்டி. மேல கேட்டா நான் இன்னா சொல்றது?"

ரெஜினா முன் சக்கரத்தைத் தூக்கி டிஸ்க்கில் விரலை வைத்தாள். வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். டீசலும் கழிவு எண்ணெயும் கலந்த வாடை.

"எண்ணெ பட்டிருக்கு தம்பி. கட்டை முழுக்க ஊறிப்போயிருக்கு. இப்டி இருந்தா நிக்காது."

வரதனுக்கு உயிர் வந்தது. குப்பம்மா பக்கம் திரும்பினான். "யாரும்மா இதுல எண்ணெ வுட்டது?"

"நாந்தான் சார். தெனம் தொடச்சேன்."

"யாரு சொன்னாங்க தொடைக்கச் சொல்லி?"

குப்பம்மா ரெஜினாவைப் பார்த்தாள். அவள் முகத்தை, கழுத்தில் தொங்கிய அட்டையை, வரதன் கையில் இருந்த சீட்டை. இத்தனையும் பார்த்துவிட்டு, "யாரும் சொல்லல சார். எங்க போட் இன்ஜினுக்கு அப்டித்தான் செய்வோம். அதே மாரி இதுக்கும் செஞ்சிட்டேன். என் தப்புதான்" என்றாள்.

ரெஜினா வாயைத் திறக்கவில்லை. புதுக் கட்டை மாட்டினாள். டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். சந்தில் இருபது தடவை ஓட்டி நிறுத்தினாள். குப்பம்மா வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பேருந்தில் இதை என்னிடம் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். "ஏன்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கேட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் வூட்ல குந்திகினு இருந்தேன்க்கா" என்றாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. அடுத்த நாளும் தூங்கவில்லை. மூன்றாம் நாள், "செவ்வாக்கெழம எனக்கு லீவு. கடப்பாக்கம் போறேன், வரியா?" என்றாள். நானும் லீவு போட்டேன். அடுக்குமாடிக்காரர்கள் ஒரு நாள் சுவரைத் திட்டிக்கொள்ளட்டும்.

மதுராந்தகத்தில் ஒரு பேருந்து மாறி, செய்யூர் வழியாகப் போய் இறங்கும்போது மணி பதினொன்று. ரெஜினா பையில் செயின் எண்ணெய்க் குப்பி, பழைய துணி, அந்த டிக் சாவி. குப்பம்மா வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை. ஒரு வாரத்தில் செயின் செவசெவ என்று துருவேறி இருந்தது. எங்களைப் பார்த்ததும் குப்பம்மா எழுந்தாள்.

"நா தொடலமா. பயமாகீது. தொட்டா இன்னா ஆவுமோன்னு அப்டியே வுட்டுட்டேன்."

தோளில் கட்டோடு பிரியங்கா உள்ளே கட்டிலில் இருந்தாள். அம்மாவுடன் பேசிப் பத்து நாள் ஆகிறதாம். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் எடுத்துச் சாப்பிடுவாளாம், நிமிர்ந்து பார்க்க மாட்டாளாம். பண்ணையில் புது வேலை. ஒரு மாத லீவு கேட்டதும் முகம் சுளித்திருக்கிறார்கள்.

ரெஜினா வாசற்படியிலேயே நின்று சொன்னாள். "தொடைக்கச் சொன்னது நாந்தாம்மா. செயினுக்கு மட்டும்னு சொல்லாம வுட்டுட்டேன். உங்கம்மா நான் சொன்னதத்தான் செஞ்சாங்க."

பிரியங்கா அவளைப் பார்க்கவில்லை. பத்து நாளில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தாள். "நீ ஏன் கடையில சொல்லல?"

குப்பம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை. "சொன்னா அவளுக்கு வேல பூடும். நீ பத்து நாள் பேசலன்னா பதினோராம் நாள் பேசித்தான ஆவணும். நா எங்க போவப் போறேன்."

நான் முகத்தைச் சைக்கிள் பக்கம் திருப்பிக்கொண்டேன். லேசில் முகம் திருப்புகிறவள் இல்லை நான்.

பிரியங்கா ரெஜினாவை மன்னித்தாள் என்று நான் எழுதினால் அது பொய். "வலி எனக்குத்தான்கா" என்றாள், அவ்வளவுதான். அதில் தப்பில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "யம்மோவ், தண்ணி குடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குப்பம்மா ஓடிய ஓட்டத்தில் சொம்பை இடறிவிட்டாள்.

ரெஜினா வாசலில் உட்கார்ந்து செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு வைத்து, மிச்சத்தை ஒற்றி எடுத்தாள். பிறகு குப்பம்மாவைக் கூப்பிட்டாள். குப்பம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ரெஜினா அந்தக் கையை இழுத்துச் செயினில் வைத்தாள். "இங்க எண்ணெ." டிஸ்க்குக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். "இங்க கைகூட படக் கூடாது. எண்ணெத் துணி இந்தப் பக்கமே வரக் கூடாது." மூன்று தடவை சொன்னாள். குப்பம்மா மூன்று தடவையும் தலையாட்டினாள்.

புதன்கிழமை காலையில் ரெஜினா வரதனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்றேன், ஒத்துக்கொள்கிறேன். கொழுக்கட்டை என்று கேட்ட அதே வாயால் வேண்டாம் என்றேன். கடப்பாக்கத்தில் சொன்னாயே போதாதா என்றேன். "கடை நோட்டுல அந்தம்மா பேர்ல எழுதி வச்சிருக்காங்கக்கா, அவங்க தப்புன்னு" என்றாள்.

வேலை போகவில்லை. ஒரு மெமோ கொடுத்தார்கள். கூடவே ஒரு உத்தரவும். இனி வண்டியைப் பூட்டுவதோடு சரி, வாங்க வருகிறவர்களிடம் அவள் பேசவே கூடாது. வெளியே நின்று வண்டி கொடுப்பது இப்போது வேறொரு பெண். அவளுக்கு டிஸ்க்கும் தெரியாது, செயினும் தெரியாது, நன்றாகச் சிரிப்பாள்.

அதனால் ரெஜினா சீட்டு எழுதுகிறாள். உள்ளங்கை அகலத்துக்கு அட்டையைக் கத்தரித்து, நூல் கோத்து, டிஸ்க்குக்குப் பக்கத்தில் கட்டிவிடுகிறாள். "இங்கே எண்ணெய் கூடாது." ஒரு வண்டிக்கு இரண்டு சக்கரம், எட்டு வண்டிக்குப் பதினாறு சீட்டு. வரதன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறான். கடையில் நேரம் கிடையாது என்பதால் பேருந்தில் எழுதுகிறாள். என் ஜன்னலோர சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், வெளிச்சம் வேண்டுமே.

நேற்று கேளம்பாக்கம் தாண்டும்போது பேனா அவள் மடியில் விழுந்தது. தலை என் தோளுக்கு வந்துவிட்டது. பதினான்கு சீட்டு முடித்திருந்தாள். பதினைந்தாவதை எடுத்துப் பார்த்தேன். "இங்கே எண்ணெய்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பேனாவைத் தேடி எடுத்து, "கூடாது" என்று நான் எழுதினேன்.