மலையைச் சுற்றி வந்த கொத்தமல்லிப் பூ

ஸ்கூட்டரின் இடது கண்ணாடிக் கம்பியில் மருதாணிப் பூங்கொத்து ஒன்றைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு, பொன்னி செங்கம் சாலையில் திரும்புகிறார். காலை பத்து மணி. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். அடி அண்ணாமலையில் நிறுத்தி ஒரு டீ குடிப்பார். அதுவரை வண்டி வெயிலில் நிற்கும். திரும்பி வரும்போது பூ உதிராமலும் தலை தொங்காமலும் இருந்தால் கல்யாண மேடைக்குப் போகலாம். இல்லையென்றால் அதன் கதை அதோடு முடிந்தது.

“ஒரு பூவுக்கு ஒரு சுத்துதான். முகூர்த்தத்துல வாடிட்டு, இன்னொரு தபா நிக்கிறேன்னு அது கேக்குமா?” என்பார்.

பொன்னிக்கு நாற்பத்தாறு வயது. மேடை அலங்காரம் தொழில். ரோஜாவும் சாமந்தியும் யார் மேடையிலும் ஒன்றுதான். இரண்டு பெரிய பூக்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை எந்தச் சின்னப் பூவால் நிரப்புவது என்பதில்தான் அவருக்குத் தூக்கம் கெடும். மற்றவர்கள் ஜிப்ஸோ என்கிற பஞ்சு போன்ற வெள்ளைப் பூவை ஓசூரிலிருந்து பெட்டியில் வரவழைப்பார்கள். அதைக் கண்டால் இவருக்கு ஆகாது. “தெர்மாகோல உதுத்து வெச்ச மாதிரி இருக்கும். வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல.” இவர் வைப்பது துளசிக் கதிர், தினைக் கதிர், வெங்காயப் பூ. ஒரு முறை கீரைக்காரியிடம் முற்றிப் பூத்துப்போன முள்ளங்கியை மொத்தமாக வாங்கிவந்து, மணப்பெண்ணின் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பூவைத் தொட்ட கையால் அடுத்த பூவைத் தொடமாட்டார். எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். “மரிக்கொழுந்து கையோட மல்லிப்பூவத் தொட்டா ரெண்டும் கெட்டுப்போவும்.” மண்டபத்துச் சமையல்காரர்கள், “ஆபரேஷனுக்கு டாக்டரம்மா ரெடி!” என்று கேலி செய்வார்கள். பொன்னி காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தத் தை மாதம் வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்குப் போனார். மணப்பெண் கவிநிலா, பாலங்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர். மூன்று கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். அப்பா முருகையன் மின்வாரியத்தில் கம்பமேறும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா சரோஜாவின் படத்துக்குப் போட்டிருந்த மாலை அன்று காலை மாற்றியது. முகூர்த்த நாளைக் குறித்தது சரோஜாதான். கார்த்திகை தீபம் முடிந்த பத்தாம் நாள் போய்விட்டார். அந்த நாளை மாற்ற அப்பாவுக்கும் மகளுக்கும் மனம் வரவில்லை.

மேசைமேல் பொன்னி மாதிரிக்கு ஐந்து கொத்துகளை வைத்தார். கவிநிலா எதையும் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அக்கா, அத வெக்க முடியுமா?”

முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. கொத்தமல்லி. தீபத்துக்கு முந்தைய வாரம் சரோஜா தூவிய விதை. அது இரண்டு இலை விட்டதைப் பார்த்தார். அதைக் கிள்ளிக் கையெல்லாம் மணக்க வருவதற்கு அவர் இல்லை. அப்பாவும் மகளும் கடையில் கட்டு வாங்கி ரசம் வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருந்ததை இருவரும் தொடவில்லை. கிள்ளாமல் விட்ட கீரை வளர்ந்து பூத்துவிட்டது.

“பந்திக்கு முன்னாடியே ரசம் எங்கன்னு கேப்பாங்கமா,” என்று முருகையன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அதுல கை வெக்க வேணாம். விதைக்கு விட்டிருக்கு.”

“யாருப்பா விட்டது?” என்றாள் கவிநிலா. “அம்மா போட்டது. அன்னிக்கு அது ஒண்ணாவது என் பக்கத்துல இருக்கட்டும்.”

பொன்னி ஒரே ஒரு தண்டைக் காட்டி, “பாத்துட்டு வரேங்க ஐயா,” என்று சொல்லிக் கிள்ளிக்கொண்டார்.

அடி அண்ணாமலை போவதற்குள்ளேயே அது தொங்கிவிட்டது. கண்ணாடியெல்லாம் வெள்ளை இதழ். அப்படியே திரும்பிப் போய், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கவிநிலா வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“வெயில்ல பறிச்சது என் தப்பு கண்ணு. நாளைக்கு இன்னொரு தபா பாக்கறேன்.”

மறுநாள் வெயில் படுமுன் கிள்ளினார். தண்டின் அடியை ஈர வாழைப்பட்டையில் சுற்றினார். பத்து மணிக்கு அதே கம்பி, அதே டீக்கடை. டீ வாங்கினாரே தவிர குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து முருகையனிடம் நீட்டினார்.

“தல தொங்கலிங்க ஐயா.”

முருகையன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றைக் கொண்டுவந்தார். கொத்தமல்லிப் பாத்தியில் குனிந்து, ஒவ்வொரு செடியாகத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“செவப்பு சுத்துனதத் தொடாத. அது விதைக்கு. மீதி உன் பாடு.”

சுற்றிக்கொண்டே போனார். பாத்தியில் பாதிக்குமேல் சிவந்துவிட்டது.

“ஐயா, இப்படியே போனா எனக்கு மண்ணுதான் மிஞ்சும்.”

“கம்மியாத்தாமா சுத்தியிருக்கேன்,” என்றவர், திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசைக்கு வந்து, தானே சுற்றிய டேப்பை நகத்தால் நெம்பி உரித்தார். ஒன்று. இன்னொன்று. பிறகு அந்த வரிசை முழுவதும்.

முகூர்த்தத்தன்று விடியற்காலை. மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான். பொன்னியின் வேனுக்குள் ரோஜாக் கட்டுகள் பிரிக்காமல் கிடந்தன. பொன்னி சிவப்பில்லாத செடிகளை மட்டும் கிள்ளி வாழைப்பட்டையில் அடுக்கி முடித்தார். விரலெல்லாம் பச்சைச் சாறு. வாசலில் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு கவிநிலா பின்பக்கம் வந்தாள். பொன்னியின் வழக்கம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கையில் எலுமிச்சை மூடி ஒன்று. குழாயைத் திறந்துவிட்டாள். பொன்னி இரு கைகளையும் நீட்டினார்.

தண்ணீர் படுமுன் கவிநிலா பொன்னியின் வலது கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். மூக்கும் வாயும் அந்த உள்ளங்கைக்குள் புதைந்திருந்தன. மூச்சை இழுத்தாள், விடவில்லை.

ஹாரன் மறுபடி அடித்தது. ரோஜா காத்திருந்தது. பொன்னி இடது கையை எட்ட நீட்டி, குழாயை மூடினார்.