பிரித்துத் தைத்த படக்கதைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான். வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டிய அமெரிக்கர், தனி ஆள். பேர்லேண்ட் என்ற ஊரிலிருந்து நாலரை மணி நேரம் கார் ஓட்டி வந்த அவருடைய தம்பி. என் மனைவி. நான்.

இர்விங் அபார்ட்மெண்டில் எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர். டிவியில் இராக் சண்டை ஓடிக்கொண்டிருந்த சமயம். தாடி வைத்த என்னிடம் அங்கே முதலில் வந்து பேசியவர் அவர்தான். எனக்கு ஹலால் ஹோட்டலில் பரோட்டா போடுகிற வேலை. படிப்பு அஞ்சாவதோடு சரி. இங்கிலீஷ் பேசுவது மனைவியின் பொறுப்பு. அவள் பன்னிரண்டாவது பாஸ், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலை.

அவரிடம் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உலக யுத்தம் நடந்தபோது வந்த படக்கதைப் புத்தகங்கள். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியவை. அம்மா இறந்த பிறகு பெட்டி யாருக்கு என்று சண்டை. பெட்டியை அண்ணன் எடுத்துக்கொண்டார். தம்பி ஒன்பது வருஷம் பேசவில்லை.

இப்போது பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்று தம்பியை வரச் சொல்லியிருந்தார். கொடுத்தால் பேசுவான் என்று நம்பிக்கை. ஆனால் பின்கள் துருப்பிடித்துத் தாள்கள் கழன்றுகொண்டிருந்தன. நான் ஊரில் எட்டு வருஷம் பைண்டிங் கடையில் இருந்தவன் என்று மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

எங்கள் ஊரில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாரவாரம் கிழித்துச் சேர்த்து வைப்பார்கள். தொடர் முடிந்ததும் கடைக்கு வரும். மற்றப் பக்கங்களை எடுத்துவிட்டு, கதையை மட்டும் தைத்துக் கொடுப்போம். பைண்டிங் என்றால் எனக்கு அதுதான்.

பெட்டியில் இருபத்திரண்டு புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கதைகள். முதுகில் துணி கட்டிய ஒருவன் பறந்து போய் எதிரியின் கப்பலை உடைக்கிறான். தொப்பி போட்ட போலீஸ்காரன் கொள்ளைக்காரர்களைப் பிடிக்கிறான். இன்னும் ஒரு மந்திரவாதி, சில கோமாளிகள். அடுத்த புத்தகத்திலும் இதே ஆட்கள். எழுத்து எனக்குத் தெரியாது, முகம் தெரியும். தொடர்கதை என்று முடிவு செய்தேன்.

பின்னைப் பிடுங்கினேன். மடிப்பில் அறுத்தேன். பறக்கிறவன் ஒரு கட்டு, தொப்பிக்காரன் ஒரு கட்டு, மற்றவர்கள் ஒரு கட்டு. ஊசி, நூல், மைதாப் பசை. பாசுமதி மூட்டையை ஏற்றி இரண்டு நாள் வைத்தேன். தையல் நன்றாக வந்தது.

சனிக்கிழமை மனைவி பார்த்தாள்.

"என்னங்க, இருபத்திரெண்டு புக் எங்க?"

"இதான்."

"இது மூணு இருக்கு."

"ஆள் வாரியாப் பிரிச்சுத் தச்சிருக்கேன்."

ஒன்றைத் திறந்து படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரக் கேட்டுப் பிரிச்சீங்க? இது தொடர்கதை இல்லங்க. ஒவ்வொண்ணும் அதுலயே முடியுது. பாவம் அந்த மனுஷன், நாளைக்கு எத வச்சுத் தம்பிகிட்டப் பேசுவாரு?"

தையலைப் பிரிக்கலாம். அறுத்த தாள் ஒட்டாது.

மறுநாள் மூன்றையும் அவர் மேசையில் வைத்தேன்.

"நான்தான் தப்புப் பண்ணேன்னு சொல்லு."

"பின்ன, நானா பண்ணேன்? அதத்தான் சொல்லப்போறேன்."

சொன்னாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தம்பி ஜாக்கெட்டோடு நின்றார், கையில் கார் சாவி. மேலே இருந்த புத்தகத்தைத் திறந்தார். தொப்பிக்காரன். புரட்டினார். தொப்பிக்காரன். இன்னும் புரட்டினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என்னவோ சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"அண்ணனுக்குப் பறக்குறவர்தான் பிடிக்குமாம், இவருக்குத் தொப்பிக்காரராம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே புக்தான் வாங்குவாங்களாம். பறக்குறவர் கதைதான் முதல்ல வருமாம். அண்ணன் முடிக்கிற வரைக்கும் இவர் பக்கத்துல நிக்கணுமாம். அறுபது வருஷம் கழிச்சு இப்பத்தான் என் ஆளு தனியா என் கைக்கு வந்திருக்கான்ங்கிறாரு."

பிறகு தம்பியின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. கதை பாதியில் ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரியும்.

"சொல்லு. தாளுக்கு முன்பக்கம் பறக்குறவர் கதை முடியுது, பின்பக்கம் தொப்பிக்காரர் கதை ஆரம்பிக்குது. தாளப் பிளக்க முடியாது. பறக்குறவரோட சேத்துத் தச்சுட்டேன்."

சொன்னாள். தம்பி அண்ணனைப் பார்த்து ஏதோ கேட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்பவும் முதல் பக்கத்த நீயே வச்சிருக்கியாடாங்கிறாரு."

"அதுக்கு அவரு?"

"வேணும்னா வந்து படிச்சுட்டுப் போங்கிறாரு."

ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமே என்று மனைவி யோசனை சொன்னாள். "நோ!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அது எனக்கே புரிந்தது.

தம்பி சாவியை மேசையில் வைத்தார். ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். அண்ணன் பறக்கிறவன் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு விரலைக் காட்டினார்.

"ஒரு தடவ வந்தா ஒரு தாள்தான் காட்டுவாராம்" என்றாள் மனைவி.

அப்படி எத்தனை தாள் இருக்கிறது என்று தம்பி கேட்டதை மனைவி எனக்குச் சொன்னாள். புத்தகத்தை வாங்கிக் கட்டைவிரலால் தள்ளி எண்ணினேன். சரிபார்க்க மறுபடியும் எண்ணினேன்.

பதினேழு.