கம்பி வண்டிக்குப் பின்னால் நின்ற மரங்கள்

யூனிஸுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், இப்போது கேட்கவும் ஆளில்லை. அது ஒருவிதத்தில் நிம்மதி, இன்னொரு விதத்தில் வயிற்றெரிச்சல். ஜோகுபாளையத்தில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஒரு ஆளுக்கு உலை. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தால் திங்கட்கிழமை காலைவரை அவள் வாய் திறப்பது கோயிலில் ஞானப்பாட்டுக்கு மட்டும்தான்.

வேலை, கண்டோன்மென்ட்டில் ஆம்ப்ரோஸின் போட்டோ ஸ்டூடியோவில். 1937-ல் போட்டோ என்றால் கறுப்பு வெள்ளைதானே? குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஆயில் கலரைத் தொட்டு, படத்தின்மேல் பூப்போலத் தேய்த்து நிறம் ஏற்ற வேண்டும். இருபது வருஷமாக ஏற்றிக்கொண்டிருந்தாள். கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்கு என்றால் ஆக்குவாள். இரவல் நகை போட்ட பெண்ணுக்கு இன்னும் ஒரு வடம் சேர்த்துவிடுவாள். ஊரார் முகமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளைத்தான் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்த ஆடி மாதம் ஒரு பெரியவர் வந்தார். சீனிவாசராகவன், சமஸ்தான மின்சார இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. பையிலிருந்து ஒரு படத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்தார். மலை உச்சி, கம்பியில் தொங்குகிற ஒரு வண்டி, அதன் வாசலில் மடிசார்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு சிரிக்கிற ஒரு மாமி, பின்னால் காடு.

"எங்காத்து மாமி, கோமளவல்லி. சுவிட்சர்லாந்துல மிஷின் பாத்துட்டு வான்னு சர்க்கார் அனுப்பித்து, கூட்டிண்டு போனேன். கடல் தாண்டினதுக்கு ஜனங்க பேசாத பேச்சில்ல. ஒம்பது வருஷமாச்சு, அக்டோபர் மாசம். போன தை மாசம் போயிட்டா" என்றார்.

இருப்பது அந்த ஒரு படம்தான். காப்பி எடுத்து அதில் கலர் போடலாமே என்றார் ஆம்ப்ரோஸ். காப்பியில் முகம் மங்கிவிடும் என்று பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. புடவை அரக்கு, கோட்டு கறுப்பு என்று சொன்னார். மரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மரத்துக்குப் போய் யார் நிறம் சொல்வார்கள்?

பத்து நாள் உயிரைக் கொடுத்து வேலை செய்தாள் யூனிஸ். அந்த மாமியின் சிரிப்பு அவளை என்னவோ செய்தது. தன்னை யாராவது இப்படி ஒரு மலைக்குக் கூட்டிப்போயிருந்தால் தானும் இப்படித்தான் சிரித்திருப்போமோ என்று நினைத்தாள். நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். காட்டில் கரும்பச்சை, இளம்பச்சை, கிளிப்பச்சை என்று ஆறு பச்சை போட்டாள். லால்பாக் தோட்டமே தோற்றது போங்கள்.

சனிக்கிழமை பெரியவர் வந்தபோது ஆம்ப்ரோஸ் சாப்பிடப் போயிருந்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சாட்சாத் அவளே" என்றார். இருபது வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை யூனிஸ் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? இவ தோளுக்குப் பின்னால நிக்கற மரம், என்ன நிறம்?"

அவளுக்குப் புரியவில்லை. பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாம்மா, பொறந்ததுலேர்ந்து. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். அன்னிக்கு அந்த வண்டியில இருந்த வெள்ளைக்காரா எல்லாம் எலையைப் பாத்துட்டு ஆஹா ஓஹோங்கறா. குளிருக்கு முன்னாடி அங்க காடே பழுத்துடுமாம், சிவப்பும் மஞ்சளுமா. எனக்கு எல்லாம் ஒரே சாணி நிறம். கோமளாதான் ஜன்னலோரம் நின்னுண்டு மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒவ்வொரு மரமா சொல்லிண்டே வந்தா. இப்ப நீங்க சொல்லுங்கோ."

ஐயோ கர்த்தாவே! நம் ஊரில் இலை பழுத்தால் விழும். வாதுமை மரத்தில் நாலு இலை சிவக்கும். காடு முழுக்கப் பழுத்துக்கொண்டு நிற்கும் என்று யூனிஸ் எந்த ஜன்மத்தில் கண்டாள்?

'சிவப்பு' என்று சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை, சந்தோஷமாகப் போவார். ஆனால் வீட்டில் மகனோ பேத்தியோ பார்த்துவிட்டு, மரமெல்லாம் பச்சையாச்சே என்று ஒரு வார்த்தை சொன்னால்? மாமி சொன்னதையே அவர் சந்தேகப்படுவார். நிஜத்தைச் சொன்னாலோ, தன்னிடம் முகம் பார்த்துப் பேசின ஒரே மனுஷரும் போய்விடுவார்.

"பச்சைங்க சார்" என்றாள். "எல்லாமே பச்சை. எனக்குத் தெரியாதுங்க. தப்பு பண்ணிட்டேன். உங்க படத்தைக் கெடுத்துட்டேன்." அழுகை வந்துவிட்டது.

பெரியவர் படத்தைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அழாதேங்கோ. அப்போ எல்லாம் ஒரே நிறமா, நான் பாத்ததை அப்படியே போட்டிருக்கேள். அவ பாத்ததைப் போட முடியுமோ?"

"காய்ஞ்ச கலருங்க. டர்ப்பன்டைன் போட்டுத் துடைக்கணும். கை அழுந்தினா படமே போயிடும்."

"அழுந்தாது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "தோளுக்குப் பின்னால இருக்கறது மிளகாப்பழம். நிறம் தெரியாட்டாலும் காரம் தெரியுமோல்லியோ உமக்குன்னு கேலி பண்ணினா. அதுக்கு மேல வரிசையா மஞ்சப்பொடி. பள்ளத்துல பாதி வறுத்த காப்பிக்கொட்டை..."

ஒன்பது வருஷத்தில் ஒரு மரத்தைக்கூட அவர் மறக்கவில்லை. ஞாயிறு நீங்கலாகத் தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்தார். யூனிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள், பூசினாள், நடுநடுவே கேட்டாள். "மிளகாய்ப்பழம்னா புதுசா, காய்ஞ்சதா சார்?" "புதுசு. பளபளன்னு இருக்குன்னா." எட்டு நாளில் காடு பழுத்துவிட்டது. அந்த எட்டு நாளும் ஜோகுபாளையத்து அறை ஞாபகமே அவளுக்கு வரவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் வண்டியிலிருந்து உச்சிவரை மரம் மரமாக அவரிடம் சொன்னாள். கேட்டு முடித்து, "சரியா இருக்கு" என்றார். கைகூப்பினார். படத்தை வேஷ்டித் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மறுபடி வருவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அவள் அல்சூர் ஏரிக்கரையோடு நடந்து வந்தாள். மழை விட்ட வானம் கொள்ளை அழகாக இருந்தது. கோமளவல்லிமேல் பொறாமையாக இருந்தது அவளுக்கு, செத்தவள் என்றுகூடப் பார்க்காமல். பக்கத்து அறை மௌரீன் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். யூனிஸ் அவளிடம் தானாகப் பேசி வருஷமாயிருக்கும்.

"மௌரீன், கொஞ்சம் மேல பாரேன். அந்த ஓரத்துல பாரு, மாம்பழத் தோல் மாதிரி..."

மௌரீன் அண்ணாந்து பார்த்தாள். "ஐயையோ, மறுபடி மழையாக்கா? துணியெல்லாம் கொடியில கிடக்குதே!" குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஆமா, வரும்போல இருக்கு" என்றாள் யூனிஸ். அவளும் போய்த் துணிகளை உருவி மடித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் வானத்தைப் பார்க்கவில்லை.