சுவரொட்டியில் மூன்றாவது தேதி

ஏகநாதன் ஜெயித்தவை இவை. இளம்பிள்ளை வாதம் இழுத்துக்கொண்ட காலோடு, பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரத்துக்கு பஸ்ஸில் நின்றபடியே போய்வந்து, தெருவிலேயே முதல் ஆளாக பி.ஏ. தேறினான். மாவட்டப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினான். முதல் பரிசு என்று யாராவது சொன்னால் அக்கா பொன்னியம்மாள் உடனே திருத்துவாள்: "ரெண்டாவது. மொத பரிசு குரோம்பேட்டைப் பையனுக்கு." ஐந்தாவது வரை படித்தவள். இல்லாத பெருமை அவளுக்கு ஆகாது, இருந்ததே போதும்.

அவன் படித்தது தத்துவம். வேறு சீட்டு கிடைக்கவில்லை. ஆனால் கல்லூரியில் ஜெபராஜ் சார் இருத்தலியல் நடத்திய வருஷம் பிள்ளை ஆளே மாறிப்போனான்.

"முன்னாடியே எழுதி வெச்சதுன்னு ஒண்ணும் கிடையாதுக்கா. மனுஷன் செய்யறதுதான் மனுஷன்."

"அப்போ உன் காலு?"

"கால் தானா வந்தது. அதை இழுத்துகினு எங்க போறேங்கறது என்னுது."

கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளாதே என்று ஏதோ குளிர்தேசத்தில் ஒருவர் தனியாக மல்லுக்கட்டியதையும், பெரிய யுத்தம் முடிந்து எல்லாரும் 'நான் செய்யவில்லை, மேலே சொன்னார்கள்' என்று கைகழுவியபோது பிரான்சில் சிலர் அந்தப் பேச்சைக் கையிலெடுத்ததையும் காபி ஆறும்வரை சொல்வான். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள்.

படித்த பையன் என்று ஊரின் துண்டறிக்கைகளை அவனே எழுதினான். ரோடோ, பஸ்ஸோ, கடைசி வரி ஒன்றுதான்: இவண், ஊர்ப் பொதுமக்கள்.

ஒரு தோல் ஆலையில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. எண்பத்தொன்பதில் அதே ஆலையின் லாரிகள் சதுப்பில் கழிவைக் கொட்டின. கிணறுகள் பழுப்பாயின. ஊர் அறிக்கை கேட்டது. எழுதியவன் கடைசி வரியில் நின்றுவிட்டான்.

"வழக்கம்போல போட்ரு," என்றார் பக்கத்து வீட்டுத் துளசிங்கம்.

"பொதுமக்கள்னா யாரு மாமா? பேரு போடுங்க. நானும் போடறேன்."

"எனக்கு எதுக்குப்பா பேஜாரு? வூட்ல ரெண்டு பொண்ணு கீது."

யாரும் போடவில்லை. ஏகநாதன் தன் பெயரை மட்டும் போட்டு அச்சுக்குக் கொடுத்தான்.

முதலாளி பொன்னியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். வேறு யாரோ தன் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும் என்றார். அவள் வீட்டுக்கு ஓட்டமாக வந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"சொல்லிட்றா. வாய்வார்த்தைதானே."

"நான்தானேக்கா போட்டேன்."

"இந்தக் காலோட இன்னொரு வேலை எவன்டா தருவான்?"

"தெரியும்."

வேலை போயிற்று. இன்னொன்று கிடைக்கவேயில்லை. அவள் சித்தாள் வேலைக்குப் போனாள். லாரிகள் நிற்கவில்லை. முன்பு யாரைப் பிடிப்பது என்று முதலாளிக்குத் தெரியாது; இப்போது கேட்டபோதெல்லாம் ஊர் ஏகநாதனைக் கைகாட்டியது. அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவனை, தொண்ணூற்றாறு ஐப்பசியில் மஞ்சள்காமாலை கொண்டுபோயிற்று.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்குத் துளசிங்கம்தான் முன்நின்றார். அச்சகத்து வேதாசலம் படித்துக் காட்டினார். தோற்றம், மறைவு, அடியில்: இவண், ஊர்ப் பொதுமக்கள்.

"அந்த வரியை எடுத்துடுங்க. அக்கா பொன்னியம்மாள்னு போடுங்க," என்றாள் அவள்.

"அப்போ நாங்க?" என்றார் துளசிங்கம்.

"எதுனா ஒரு பேரு சொல்லு மாமா, சேத்துக்கறேன்."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நடுவுல இன்னொரு தேதி," என்றாள்.

"பொறப்பு கீது, சாவு கீது. நடுவுல இன்னாம்மா?" என்றார் வேதாசலம்.

"அவன் மொதமொதல்ல தன் பேரைப் போட்ட நாளு."

"சம்பளம் வாங்கச்சொல்லோ கையெழுத்து போட்டிருப்பானே?"

"அதெல்லாம் கணக்குல வராதுன்னுவான்."

வேதாசலம் எழுத்துப் பெட்டியை இழுத்தார். அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள்: 14-8-1989.